பழகிய இரும்பு

சென்ற வருஷம் மார்கழி மாதத்தில் என் மனைவி பத்து நாள் எங்கள் பெண் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் ஒருவனே ராஜா. புதிதாகப் பட்டத்துக்கு வந்த ராஜாக்கள் முதலில் செய்யும் காரியம் சீர்திருத்தம் என்பது சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். நானும் சமையற்கட்டில் ஒரு சீர்திருத்தம் செய்தேன்.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தோசைக்கல் சாத்தி வைத்திருக்கும். என் தாயார் 1961-ஆம் வருஷம் பழநித் தைப்பூசத்துக்குப் போனபோது கடைவீதியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்த்த கல் அது. தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அதன் மேல் கன்னங்கரேலென்று ஏதோ படிந்து, மெழுகிய தரை மாதிரி மினுமினுக்கும். எனக்கு அது வெகு நாளாகவே அழுக்காகத் தோன்றி வந்தது. அன்று ஒரு எலுமிச்சங்காயளவு புளியைக் கரைத்துக் கல்லில் பூசி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, செங்கல் தூளும் தேங்காய் நாருமாகப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். கல் வெளுத்து, வெள்ளிக் காசு போல் ஆகிவிட்டது. பெருமை தாங்கவில்லை. மனைவி வந்து பார்த்து ஆச்சரியப்படப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் கல்லைப் பார்த்தபோது அதன் மேல் செம்மண் பூசினாற்போல் துரு பூத்திருந்தது. துடைத்துவிட்டுத் தோசை வார்த்தேன். அதைத் தோசை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். சுரண்டி எடுத்ததைத் தட்டில் பார்த்தால் யாரோ சுவரிலிருந்து சுண்ணாம்பைப் பெயர்த்து வைத்தது போல் இருந்தது.

மனைவி திரும்பி வந்து கல்லைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

"அத்தை முப்பது வருஷம் பழக்கின கல்லு. அதுக்கப்புறம் நான் முப்பது வருஷம். ஒரு மத்தியானத்திலே அழிச்சிட்டீங்களே" என்றாள்.

'பழக்கின' என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கன்றுக்குட்டியை ஏருக்குப் பழக்குகிறோம். யானையைப் பழக்குகிறோம். இரும்பைப் பழக்குவது என்றால்? அதற்கு விடை தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோது, அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

இரும்பு நமக்குப் புதிதல்ல. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள்ளிருந்து வாளும் வேலும் கோடரியும் நூறு வருஷத்துக்கு முன்பே எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளே அகப்பட்டிருக்கின்றன. கிருஷ்ணகிரிப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். 2025-ல் சிவகளையிலிருந்து அதையும் தாண்டி கி.மு. 3345 என்று ஒரு கணக்கு வந்தது. அதைப் பற்றி அறிஞர்கள் வாதித்துக்கொண்டிருக்கட்டும். நம் கொல்லர்களின் உலை மிகப் பழைய உலை என்பதில் வாதமில்லை.

ஆனால் அந்த உலையில் இரும்பு தண்ணீராய் உருகி ஓடவில்லை. சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி சூடு வேண்டும். கைத்துருத்தி ஊதி அவ்வளவு சூடு உண்டாக்க முடியாது. ஆகவே கரியும் தாதுவும் சேர்ந்து வெந்து, கடற்பஞ்சு போல ஒரு கட்டி உலையின் அடியில் சேரும். அதைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினால் இரும்பு. கொழுவும் அரிவாளும் கரண்டியும் அடித்துச் செய்த இரும்புதான். அதில் ஒரு பகுதியைச் சிறு மண்மூசையில், ஆவாரங்கட்டைத் துண்டுகளோடும் எருக்கிலையோடும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, மீண்டும் உலையில் இட்டால் எஃகு. சேலத்துக் கொல்லர்கள் இவ்விதம் எஃகு செய்வதை வெள்ளைக்காரர்கள் வியந்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி நம் தேசத்திலிருந்து போன எஃகை, மின்சார சாஸ்திரத்தில் பெயர் பெற்ற மைக்கேல் பாரடே 1819-ல் லண்டனில் சோதித்துப் பார்த்தார்.

என் தாயாரின் கல் அந்த வம்சம் அல்ல. அது வார்ப்பு இரும்பு. அடித்த இரும்பைச் சுண்டினால் கணீரென்று மணி மாதிரி ஒலிக்கும். வார்ப்பு இரும்பு 'தொம்' என்று அடங்கிவிடும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல், சில சமயம் நான்கு பங்கு வரையில் கரி கலந்திருக்கிறது. அந்தக் கரிதான் ஒலியை விழுங்குகிறது. கரி அவ்வளவு கலந்துவிட்டால் இரும்பு 1150 டிகிரிச் சுமாரிலேயே உருகித் தண்ணீராய் ஓடும். அதை மணல் அச்சில் ஊற்றி வேண்டிய உருவத்தில் எடுக்கலாம். ஆனால் சம்மட்டியால் அடித்தால் உடைந்து போகும். கீழே போட்டாலும் உடையும்.

இந்த வித்தையை முதலில் பெரிய அளவில் கைவசப்படுத்தியவர்கள் சீனர்கள். கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே அவர்கள் இரும்பை வார்க்கத் தெரிந்தவர்கள். கப்பல் கப்பலாக இரும்புச் சட்டிகளைத் தென்கடல் நாடுகளுக்கு அனுப்பினார்கள். கடலில் மூழ்கிய சீனக் கப்பல்களுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சட்டிகளை இப்போது கண்டெடுக்கிறார்கள். எங்கள் அடுத்த வீட்டில் திருநெல்வேலி ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவர் வாணலியை வாணலி என்று சொல்ல மாட்டார், 'சீனச்சட்டி' என்பார். மலையாளத்திலும் அதே பெயர்தான். நாகப்பட்டினத்தில் சீனர்களின் பெயரால் ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. 1867-ல் அதை இடித்துவிட்டார்கள். கோபுரம் போய்விட்டது. சட்டியின் பெயர் மட்டும் தினம் மூன்று வேளை ஆச்சியின் வாயில் வந்துகொண்டிருக்கிறது.

மேல் நாட்டில் இந்த வித்தை அடுப்பங்கரைக்கு வந்த கதை இன்னும் ஸ்வாரஸ்யமானது. இங்கிலாந்தில் ஏப்ரஹாம் டார்பி என்று ஒருவர், பித்தளைப் பாத்திரம் வார்த்துக்கொண்டிருந்தவர். பித்தளை விலை அதிகம். ஏழைகள் வாங்க முடியவில்லை. இரும்பிலேயே வயிறு பருத்த பானைகளை மணல் அச்சில் மெல்லியதாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்து 1707-ல் உரிமை பெற்றார். 1709-ல் கோல்புரூக்டேல் என்ற ஊரில், மரக்கரிக்குப் பதிலாக, சுட்டெடுத்த நிலக்கரியைக் கொண்டே இரும்பு உருக்கினார். அந்த இரும்பு மெல்லிய பானை வார்க்க மிகவும் ஏற்றதாக இருந்தது. எழுபது வருஷம் கழித்து 1779-ல் அவருடைய பேரன் அதே ஊர்ப் பக்கத்தில் வார்ப்பு இரும்பால் ஒரு பாலமே கட்டினார். பாலம், ரயில், யந்திரம் என்று பின்னால் உலகத்தைப் புரட்டிப் போட்ட அத்தனைக்கும் முன்னால் அடுப்பில் ஏறிய ஒரு கஞ்சிப்பானை இருக்கிறது. சரித்திரப் புத்தகங்கள் பாலத்தைப் படம் போடுகின்றன, பானையைப் போடுவதில்லை.

தமிழ்நாட்டிலும் அந்த மாதிரி ஒரு ஆலை எழும்பியது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு துரை. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். சேலத்துக் கஞ்சமலையில் கறுப்புக் கறுப்பாகக் கிடந்த இரும்புத் தாதுவைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தார். உத்தியோகத்தை விட்டார். 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் பெரிய உலைகள் எழுந்தன. சேலத்துத் தாது காவிரியிலும் கொள்ளிடத்திலும் படகேறி வந்தது. பிறகு காவிரிக் கரைப் பூலாம்பட்டியிலும், மலையாளக் கரைப் பேப்பூரிலும் உலைகள் வைத்தார்கள்.

உலைகளுக்கு மரக்கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். வெட்ட வெட்டக் காடு தூரப் போய்க்கொண்டே இருந்தது. கரியின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. இங்கிலாந்திலிருந்து நிலக்கரியில் உருக்கிய மலிவான இரும்பு கப்பலில் வந்து இறங்கியது. டார்பியின் பானை பரங்கிப்பேட்டை உலையை அணைத்துவிட்டது என்று சொன்னால் தப்பில்லை. கம்பெனி கைமாறித் தள்ளாடி, கடைசியில் 1874-ல் கலைந்தது. ஹீத் துரை அதற்கு முன்பே ஊர் திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்த்து அதன் தரத்தை உயர்த்தும் முறைக்கு 1839-ல் உரிமை வாங்கினார். எஃகுத் தொழிலுக்கே அது பெரிய லாபம். அவருக்குக் கிடைத்தது கோர்ட்டு வழக்குகள்தான்.

துரையின் உலை மட்டுமா அணைந்தது? மலையடிவாரங்களில் துருத்தி ஊதிக்கொண்டிருந்த சின்ன உலைகளும் அணைந்துவிட்டன. ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் எந்த அளவு போடுவது என்று கைக்கணக்காகத் தெரிந்த மனிதர்கள் கொழுவும் லாடமும் அடிக்கப் போனார்கள். ஆயிரம் வருஷத்து வித்தை இரண்டு தலைமுறையில் மறைந்தது. யாரும் அதை வேண்டுமென்று கொல்லவில்லை. தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் என் கல்லைப் பார்த்தேன். மறுபடி துரு ஏறியிருந்தது.

இனி பாத்திரங்களின் கதை. சென்னை ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில் தலைமை வகித்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரங்கள் செய்து காட்டினார். 1903-ல் அந்தத் தொழில் ஒரு கம்பெனியின் கைக்குப் போயிற்று. லேசான பாத்திரம், துருப் பிடிக்காது, மலிவு. வீடு வீடாகப் புகுந்துகொண்டது. பிறகு எவர்சில்வர் வந்தது. கஞ்சமலை அடிவாரத்திலேயே 1981-ல் சேலம் உருக்காலை வேலையைத் தொடங்கியது. ஆனால் அதிலிருந்து வந்தது மலையின் இரும்பல்ல, வெளியூர் உருக்கிலிருந்து தேய்த்த எவர்சில்வர்த் தகடு. அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் 1938-ல் தற்செயலாகக் கண்டுபிடித்த டெப்லானை, பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்பவர் 1954-ல் மனைவியின் யோசனைப்படி வாணலியில் பூசினார். ஒட்டாத தோசைக்கல் பிறந்தது. வாங்கி வந்த அன்றே தோசை வழுக்கிக்கொண்டு வரும். பழக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். ஆனால் பூச்சு தேய்ந்தால் அதோடு சரி. தூக்கி எறிய வேண்டியதுதான்.

இத்தனையும் வந்த பிறகும் கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகளில் பம்பு செட்டுக்கு வார்க்கும் அதே மணல் அச்சு முறையில் தோசைக்கல்லும் பணியாரச் சட்டியும் வார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வார்ப்பது ஆலைக்காரன் வேலை. பழக்குவது யார் வேலை? அதற்கு ஆலை கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, உரிமைப் பத்திரம் கிடையாது. அது அடுப்பங்கரையில் நின்ற பெண்களின் கையிலேயே இருந்து வந்திருக்கிறது.

அந்தக் கை ஒன்று எங்கள் அடுத்த வீட்டில் இருந்தது. கல்லை எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் போனேன்.

"தம்பி, இப்படித் தோலை உரிச்சுப் போட்டீயளே!" என்றார் ஆச்சி. பிறகு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உடையலேல்லா. அப்போ பிழைச்சுக்கிடும்" என்றார்.

ஆச்சி சொன்னதை அப்படியே செய்தேன். துருவைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். மூன்று நாள் சோறு வடித்த கஞ்சியில் கல்லை ஊறப்போட்டு, தினம் கஞ்சியை மாற்றினேன். புளித்த கஞ்சி மிச்சமிருந்த துருவை மெல்லக் கழற்றிவிட்டது. நாலாம் நாள் கழுவித் துடைத்து, அடுப்பில் ஏற்றி ஈரம் ஒட்டப் போக்கி, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினேன். 'தடவுனதைத் துடைச்சுப் போடுங்க' என்றார் ஆச்சி. எண்ணெய் தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்தேன். புகை வரும் வரை காய்ச்சினேன். ஆறவிட்டேன். மறுபடி தடவினேன். இப்படி ஒரு நாளைக்கு மூன்று தரம், நாலு நாள்.

"தேங்காயெண்ணெய் போட்டால் ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆகாது. அது பிடிக்காது" என்றார். ஏன் பிடிக்காது என்று அவர் சொல்லவில்லை. ரசாயன சாஸ்திரம் சொல்கிறது. சில எண்ணெய்கள் மெல்லிய படலமாகச் சூடேறும்போது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு, வார்னிஷ் போல இறுகிவிடும். சித்திரக்காரர்கள் வர்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் இந்த ஜாதியில் முதல். நல்லெண்ணெய்க்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. தேங்காயெண்ணெய்க்கு அநேகமாகக் கிடையாது. எண்ணெயைக் கனமாகப் பூசினால் மேலே மட்டும் இறுகி அடியில் பிசுபிசுக்கும். அதனால்தான் 'துடைச்சுப் போடுங்க'. என் தாயாரின் கல்லில் நான் அழுக்கென்று கண்டது, ஆயிரக்கணக்கான தடவை இப்படி இறுகிய எண்ணெயின் படலம். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தோசையும் அதற்கு ஒரு மெல்லிய பூச்சு தந்திருக்கிறது.

சிறு பிள்ளையில் நான் கேட்டு அலட்சியம் செய்த விதிகளெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக அர்த்தமாயின. காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதே என்பாள் அம்மா. வார்ப்பு இரும்பு சட்டென்று சுருங்கினால் விரிசல் விடும். கல்லில் புளி படக் கூடாது. புளியின் அமிலம் படலத்தையும் அரிக்கும், இரும்பையும் கரைக்கும். சப்பாத்திக்குத் தனிக் கல். எண்ணெயில்லாமல் வெறுங்கல்லை நெடுநேரம் காய்ச்சினால் படலம் கருகி உதிரும். கழுவினால் உடனே துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வை. ஈரம் நின்றால் ஒரே இரவில் துரு. இவ்வளவும் எழுதாத சாஸ்திரம். அம்மா காரணம் சொன்னதில்லை, தப்பாகவும் சொன்னதில்லை.

இன்னொரு விஷயம். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் 15 வயது முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்த உணவு கொடுத்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து கூடியதாக 1999-ல் லான்ஸெட் பத்திரிகையில் ஒரு ஆராய்ச்சி வந்தது. நன்றாகப் பழகிய கல் அவ்வளவு இரும்பை விடாது. வைத்தியத்துக்குப் பதில் தோசைக்கல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீனச்சட்டியைப் பரணில் போட்ட வீடுகள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஐந்தாம் நாள் தோசை வார்த்தேன். ஆச்சி சொன்னபடி வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லெங்கும் தேய்த்தேன். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவது ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் பிய்ந்த தோசைகளையே சாப்பிட்டோம். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தாம் நாள் தோசை முழுசாகத் திரும்பியது. கல்லின் நடுவே உள்ளங்கையளவுக்குப் பழைய கறுப்பு கண் திறந்திருந்தது.

அதைக் கண்டபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அவள் 1961-ல் இந்தக் கல்லின் மேல் வார்த்த முதல் தோசையும் பிய்ந்துதான் இருக்கும். அதை யார் சாப்பிட்டிருப்பார்கள்? பிய்ந்ததை அவள் தட்டில் போட்டுக்கொண்டு, முழுசாக வந்ததை எங்களுக்குக் கொடுத்திருப்பாள். கல் பழகும் வரையில் பிய்ந்த தோசை தின்பதும் அந்த வித்தையில் சேர்ந்ததுதான். இது எனக்கு அறுபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

சென்ற மாதம் எங்கள் பெண் டெலிபோனில் பேசினாள். ஆசைப்பட்டு ஒரு வார்ப்பு இரும்புக் கல் வாங்கினாளாம், தோசை ஒட்டுகிறதாம், யாருக்கு நேரமிருக்கிறது, பரணில் போட்டுவிட்டேன் என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரிஸீவரை வாங்கி, "அம்மா, அதை ஒன்றும் செய்யாதே. அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொண்டு வா" என்றேன்.

இப்போது எங்கள் அடுப்பங்கரைச் சுவரில் இரண்டு கல் சாத்தியிருக்கிறது. காலையில் முதல் நாலு தோசை பெண்ணின் கல்லில். அவை இன்னும் கொஞ்சம் பிய்கின்றன. அவற்றை நான் சாப்பிடுகிறேன்.